கண்மாயில் சிக்கியது தேளியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா?

மேலூர்த் தூண்டில்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் மண்புழு கோர்த்துப் போட்டதில் கை நீளத்துக்கு மீசை மீன் ஒன்று சிக்கியது. முதுகு சாம்பல் நிறம், திட்டுத் திட்டாக இருக்கிறது, வயிறு வெள்ளை. கரையில் போட்டு வெகுநேரமாகியும் சாகவில்லை. தேளி என்கிறார் சித்தப்பா. வீச்சு வலையில் சொரசொரப்பான கறுப்பு மீன்களும் வந்தன. மீன்பிடித் திருவிழா நெருங்குகிறது, இவற்றை என்ன செய்வது?

ஊத்தாக்காரர்:
தம்பி, அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. முதுகுத் துடுப்பைப் பாருங்கள். நம் நாட்டு மீனான தேளிக்கு அது நகம் போல ஒரு சின்னத் துடுப்பு, அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலைக்குப் பின்னால் தொடங்கி வால் பக்கம் வரை ஓடும். நம் நாட்டுக் கெளுத்திக்கு வால் கவட்டையாகப் பிளந்திருக்கும், இதற்கு வட்டம். சாகாமல் கிடந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். தேளியும் காற்றைக் குடித்து உயிரோடு கிடக்கும்.

இந்த மீனை வளர்க்க 2000-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். ஒரு குட்டை உடைந்தால் போதும், கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது அடுத்தடுத்த கண்மாய்க்கு இறங்கிவிடும். அயிரை, கெண்டைக் குஞ்சு, தவளை என்று எதையும் விடாது. அயிரைக் குழம்புக்குப் பேர்போன ஊர் நம்முடையது, கண்மாயில் அயிரை இல்லாமல் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பிடிக்க வேண்டுமானால் ராத்திரி போங்கள். கோழிக் குடலைக் கோர்த்து, ஈயம் கட்டி, தரையோடு கிடக்க விடுங்கள். கறுப்பு மீனுக்கு வாய் அடிப்பக்கமாகவும் உடம்பெல்லாம் எலும்புத் தகடாகவும் இருக்கிறதா?

மேலூர்த் தூண்டில்:
ஆமாம் அண்ணே, அப்படியேதான்.

ஊத்தாக்காரர்:
அப்படியென்றால் டேங்க் கிளீனர். தென் அமெரிக்க மீன். வீட்டு மீன் தொட்டியில் பெரிதானதும் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டையைக் காக்கும், அதில் கரை மண் சரியும். தூண்டிலுக்கு அதிகம் வராது, வலைதான். பக்கத் துடுப்பு முள்ளை விரித்து வலையில் மாட்டிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் வலை கிழியும், தலைப்பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

வைகைக்கரை:
ஜிலேபி மீனையும் (திலாப்பியா) பிடிக்காமல் விட்டுவிடாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும், அதனால் குஞ்சுகள் அதிகம் தப்பும். பிசைந்த மாவும் சின்னத் தூண்டில் முள்ளும் தக்கையும் போதும், பகலிலேயே கடிக்கும்.

மேலூர்த் தூண்டில்:
சரி அண்ணே. உண்மையான தேளி சிக்கினால்?

ஊத்தாக்காரர்:
வெறுங்கையால் தொடாதீர்கள், பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் இருக்கிறது. ஈரத் துணியால் பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை வையுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் டேங்க் கிளீனரையும் திரும்ப விடவே கூடாது, உயிரோடு வேறு கண்மாய்க்குக் கொண்டுபோகவும் கூடாது. திருவிழாவன்று பெரியவர்கள் துண்டு வீசித் தொடங்கிவைப்பதற்கு முன்னால் மைக்கில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தேளியையும் ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தனித்தனி வாளியில் போட்டுக் காட்டினால் சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும்.