52 வயதில் அக்கித் தடுப்பூசி: இப்போதே போட்டுக்கொள்வதா, அறுபது தாண்டட்டும் என்று விடுவதா?

மாலைநடை (கேள்வி):

எனக்கு 52 வயது. சிறுவயதில் சின்னம்மை வந்து போயிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு தொல்லை ஏதும் இல்லை. அண்மையில் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் தாமாகவே அக்கித் தடுப்பூசியைப் பற்றிப் பேச்செடுத்தார். “போட்டுக்கொள்வது நல்லது, ஆனால் உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். நல்லது என்றால் ஏன் அவசரமில்லை, அவசரமில்லை என்றால் ஏன் இப்போது சொல்ல வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பேச்சை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. என் அக்காவுக்கு 58 வயதில் அக்கி வந்தது. முதுகெலும்பில் தொடங்கி விலாவின் இடப்பக்கம் மட்டும் கொப்புளங்கள் ஒரு பட்டையாகப் படர்ந்தன. அவை சில வாரங்களில் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை. பல மாதங்கள் வரை அவர் அந்தப் பக்கத்துத் துணியை விரல்களால் சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடினார்.

என் முதன்மையான ஐயம் இதுதான். அக்கி முதியவர்களைத்தான் கடுமையாகத் தாக்குகிறது என்கிறார்கள். அப்படியானால் இப்போதே ஊசி போட்டுக்கொண்டு, எழுபது வயதில் உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் அதன் வலிமை குறைந்துபோயிருந்தால் என்ன பயன்? 65 வயதில் போட்டுக்கொள்வது அறிவுடைமை ஆகாதா? ஊசிக்குப் பிறகு காய்ச்சலும் உடல்வலியும் கடுமையாக இருக்கும் என்றும் கேள்விப்பட்டேன். “கட்டாயம் போடுங்கள்”, “போடவே போடாதீர்கள்” என்பன போன்ற ஒற்றை வரி விடைகளைவிட, எப்படி எடைபோட்டுப் பார்ப்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

மாலைநடை அவர்களுக்கு, உங்கள் மருத்துவர் சொன்ன இரண்டும் பொருந்தக்கூடியவையே. ஆனால் நடுவில் உள்ள விளக்கத்தை அவர் விட்டுவிட்டார்.

சின்னம்மை குணமான பிறகும் அதை உண்டாக்கிய வைரஸ் உடலை விட்டு வெளியேறுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியும் மண்டையோட்டின் அடியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அது பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பவை நம் எதிர்ப்பணுக்கள். வயது ஏற ஏற, அல்லது நோயாலோ மருந்தாலோ எதிர்ப்பாற்றல் குறையும்போது, ஏதோ ஒரு முடிச்சில் வைரஸ் மீண்டும் பெருகி, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வந்து சேர்கிறது. அக்கி உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருவதற்குக் காரணம் இதுவே. அக்கி வெளியிலிருந்து தொற்றுவதில்லை, உள்ளே இருப்பதுதான் விழித்தெழுகிறது என்ற கருத்தை, தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹோப் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பொதுநல மருத்துவர் 1965இல் விரிவாக எடுத்துரைத்தார். பெரிய ஆய்வுக்கூடம் ஏதும் இல்லாத ஒருவர் இதைக் கண்டுணர்ந்தார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு வியப்பு உண்டு.

இப்போது பரவலாகப் பயன்படுவது, இரண்டு தவணைகளாகப் போடப்படும் ஷிங்க்ரிக்ஸ் என்ற தடுப்பூசி. அமெரிக்காவில் 2017இல் ஒப்புதல் பெற்றது. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதமும், எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் ஒரு துணைப்பொருளும் மட்டுமே உள்ளன. அந்தத் துணைப்பொருள் வலுவானது. பலன் மிகுதியாக இருப்பதற்கும், ஊசி போட்ட மறுநாள் உடம்பு முறிவதற்கும் அதன் பங்கு பெரிது. 50 வயதைக் கடந்தவர்களிடம் 18 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்ற ஏறத்தாழ 7,300 பேரில் 6 பேருக்கும், வெற்று ஊசி பெற்ற ஏறத்தாழ 7,400 பேரில் 210 பேருக்கும் அக்கி வந்தது. சராசரியாக 3 ஆண்டுகளுக்குச் சற்று மேல் அவர்களைக் கவனித்தார்கள். 97 விழுக்காடு என்று நீங்கள் கேள்விப்படும் பலன் அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் முதன்மையான ஐயத்துக்கு வருகிறேன். அதே மக்களை மேலும் தொடர்ந்து கவனித்தபோது, 11ஆம் ஆண்டிலும் பாதுகாப்பு 80 விழுக்காட்டையொட்டியே இருந்தது. ஆகவே 52 வயதில் போட்டுக்கொண்டால் 63 வயது வரைக்கும் நல்ல காப்பு இருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அதற்குப் பின் அது திடீரென்று அறுந்துவிடும் என்று எண்ணக் காரணம் இல்லை. மெல்லச் சரியும் கோடுதான் தெரிகிறது.

நெற்றியில் வந்தவர்:

எனக்கு 54 வயதில் வந்தது. முதலில் கொப்புளம் ஏதும் இல்லை. தலை வாரும்போது வலப்பக்கத்தில் மட்டும் சீப்பின் பற்கள் பட்ட இடமெல்லாம் சுள்ளென்று எரிந்தது. தலைச்சாயம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று வீட்டில் சொன்னார்கள். பிறகு நெற்றியின் சரிபாதி சிவந்து, நடுக்கோடு வரை வந்து, கோடு கிழித்தாற்போல் அங்கேயே நின்றுவிட்டது. மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் தோன்றியதைப் பார்த்த உடனே மருத்துவர் என்னைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். மூக்கின் நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பின் கிளை செல்வதால், அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி என்று அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

கண் தப்பியது. ஆனால் நெற்றியில் வலி தங்கிவிட்டது. அதைத் தணிக்கக் காபாபென்டின் தந்தார்கள். வலி பாதியாயிற்று, பகலெல்லாம் தூக்கம் கலையாதவன்போல் இருந்தேன். வேலையில் கணக்குகளை இருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், ஒருபக்க எரிச்சலும் அதைத் தொடர்ந்து கொப்புளமும் தோன்றினால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் அதற்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தருகின்றன. முகத்திலோ காதோரத்திலோ வந்தால் அந்த நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கணக்கர்:

நெற்றியில் வந்தவர் எழுதியதைப் படித்தபின் யாருக்கும் உடனே ஊசி போட்டுக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் மாலைநடை கேட்டது எடைபோடும் முறையை. அதனால் தராசின் இரு தட்டுகளையும் முன்வைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். எண்களைப் படிப்பது என் தொழில்.

மருத்துவர் குறிப்பிட்ட ஆய்வில் வெற்று ஊசி பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 9 பேர் என்ற அளவில் அக்கி வந்தது. அதில் எல்லா வயதினரும் உண்டு. ஐம்பதுகளில் மட்டும் பார்த்தால் இது சற்றுக் குறையும். ஆயிரத்துக்கு 7 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களைப் போன்ற 100 பேர் ஊசி போடாமல் 62 வயது வரை காத்திருந்தால், ஏறத்தாழ 7 பேர் அக்கியைச் சந்திப்பார்கள், 93 பேர் சந்திக்க மாட்டார்கள். அக்கி வந்தவர்களில் நீண்ட நரம்புவலி தங்குவது, எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒருவருக்கோ சற்று மேலாகவோதான். வயது ஏற இது கூடும். எனவே அந்த 100 பேரில் நீண்ட வலிக்கு ஆளாகிறவர் பெரும்பாலும் ஒருவர் இருப்பார், அல்லது ஒருவரும் இருக்க மாட்டார். “அவசரமில்லை” என்று உங்கள் மருத்துவர் சொன்னதன் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தில், ஊசி போட்டுக்கொள்ளும் 100 பேரில் ஏறத்தாழ 17 பேருக்கு, வழக்கமான வேலைகளைச் செய்யவிடாத அளவுக்குக் கைவலியோ காய்ச்சலோ களைப்போ வந்ததாக அதே ஆய்வு கூறுகிறது. பெரும்பாலும் அது ஓரிரு நாள்களில் தீர்ந்துவிடுகிறது.

ஆக, 17 பேர் ஓரிரு நாள் படுப்பதற்கு ஈடாக, 7 பேரில் ஏறக்குறைய எல்லாரும் சில வாரத் துன்பத்திலிருந்து தப்புகிறார்கள். இந்தப் பேரம் சிலருக்கு உகந்ததாகத் தோன்றும், சிலருக்குத் தோன்றாது. நாடுகளே இதில் வேறுபடுகின்றன: அமெரிக்காவும் கனடாவும் 50 வயதிலிருந்து பரிந்துரைக்கின்றன; ஜெர்மனி 60 என்கிறது; பிரிட்டன் 2023இல் புதிய தடுப்பூசிக்கு மாறியபோது பொதுவாக 65இலிருந்து தொடங்கி, எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு மட்டும் 50 என்று வைத்தது. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் அறிவியல் கருத்து வேற்றுமை காரணமன்று; அரசு செலவழிக்கும் தொகைக்கு எந்த வயதில் அதிகப் பயன் கிடைக்கும் என்ற கணக்கே காரணம். உங்கள் சொந்தக் கணக்கு அதுவாக இருக்க வேண்டியதில்லை.

எனக்கு 56 வயது. நான் 60க்குத் தள்ளி வைத்திருக்கிறேன். குடும்பத்தில் யாருக்கும் அக்கி வந்ததில்லை, வேறு நோயும் இல்லை. இதை அறிவுரையாகச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

கணக்கர் அவர்களின் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்த 100 பேரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். நெருங்கிய உறவினருக்கு அக்கி வந்திருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. மாலைநடைக்கு அக்கா இருக்கிறார். மூட்டுவாதம், குடல் அழற்சி போன்றவற்றுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து, குறிப்பாக டோஃபாசிட்டினிப் வகை மாத்திரை, தொடங்கவிருப்பவர்களுக்கு “அவசரமில்லை” என்ற சொல்லே பொருந்தாது. முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே ஊசியை முடித்துவிடுவது நல்லது.

அரிய ஆபத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கை கால்களைத் தளரச் செய்யும் கில்லன் பாரே என்ற நரம்புக் கோளாறு, இந்த ஊசிக்குப் பிறகு மிகச் சிலருக்கு வரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2021இல் எச்சரிக்கை சேர்த்தது. 65 வயதைத் தாண்டியவர்களில் பத்து லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ 3 என்பது மதிப்பீடு. முன்பு அந்தக் கோளாறு வந்தவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாலைநடை:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மேலும் இரண்டு கேள்விகள். ஒருமுறை அக்கி வந்த என் அக்கா இனி ஊசி போட்டுக்கொள்வதில் பொருள் உண்டா? அடுத்து, எங்கள் வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் மாமியார் இருக்கிறார்; நான் ஊசி போட்டுக்கொண்டால் அவருக்கு ஏதாவது தொற்றுமா? நினைவிழப்பு நோயையும் இந்த ஊசி தடுக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

கணக்கர்:

கேள்விகள் மூன்றாகிவிட்டன. கடைசியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸில் 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு அக்கி ஊசித் திட்டத்தில் இடமில்லை, அன்று முதல் பிறந்தவர்களுக்கு இடமுண்டு என்று ஒரு விதி இருந்தது. சில வார வேறுபாட்டில் பிறந்த இரு தரப்பினரையும் ஒப்பிட்டபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் 7 ஆண்டுகளில் நினைவிழப்பு நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களே ஊசியைத் தேடிப் போகிறார்கள் என்ற வழக்கமான ஓட்டை இதில் அடைபட்டிருப்பதால், இதை நான் மதிக்கிறேன். ஆயினும் அது எண்பதை ஒட்டிய வயதினரிடம், ஷிங்க்ரிக்ஸுக்கு முன் இருந்த பழைய ஊசியைக் கொண்டு நடந்தது. 52 வயதில் முடிவெடுக்க அதைக் காரணமாக்க மாட்டேன். கிடைத்தால் கூடுதல் ஆதாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

அக்கி மீண்டும் வரக்கூடும். ஆகவே உங்கள் அக்காவுக்கும் பொருள் உண்டு. கொப்புளங்கள் முற்றிலும் ஆறியிருந்தால் போதும். ஆனால் ஏற்கெனவே தங்கிவிட்ட வலியை இந்த ஊசி நீக்காது. அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றிய அச்சம் தேவையற்றது. 2006இல் வந்த ஜோஸ்டாவாக்ஸ் என்ற பழைய ஊசியில் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் இருந்தது. இதில் அது இல்லை, எனவே ஊசியிலிருந்து யாருக்கும் எதுவும் தொற்ற வழியில்லை. மாறாக, உங்களுக்கு அக்கி வந்தால்தான் அவருக்குக் கவலை: கொப்புள நீரில் உள்ள வைரஸ், சின்னம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்குச் சின்னம்மையைத் தரும். கொப்புளங்கள் பொருக்கு தட்டும் வரை அவற்றை மூடி வைத்து, விலகி இருக்க நேரிடும். கணக்கரின் தராசில் உங்கள் தட்டில் இதையும் வைக்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டவர்:

நான் 51 வயதில் இரண்டு ஊசிகளையும் போட்டுக்கொண்டேன். முதல் ஊசிக்குக் கை மட்டும் வலித்தது; சட்டையின் கைப்பகுதியில் கையை நுழைப்பதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு இரவில் குளிர் எடுத்து நடுங்கினேன். பாராசிட்டமால் எடுத்துக்கொண்டேன், மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது. எந்தப் பக்கம் படுத்து உறங்குவீர்களோ அதற்கு மறுபக்கக் கையில் போடச் சொல்லுங்கள். மறுநாள் முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாலைநடை:

மாமியாரைப் பற்றிய செய்திதான் எனக்கு முடிவைக் கொடுத்தது. இப்போதே போட்டுக்கொள்கிறேன், அக்காவையும் உடன் அழைத்துச் செல்கிறேன். ஆனால் சில மாதங்களில் அக்கா வெளியூர் செல்லவிருக்கிறார். இரண்டாவது ஊசி தள்ளிப்போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற மருத்துவர்:

வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே 2 முதல் 6 மாத இடைவெளி என்பது விதி. 6 மாதத்தைத் தாண்டினாலும் முதல் ஊசி வீணாகாது. வந்தவுடன் இரண்டாவதைப் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் ஒன்றோடு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பேசிய பலன்கள் எல்லாம் இரண்டு ஊசிகளும் பெற்றவர்களிடம் கண்டவை. முதல் ஊசி போட்ட நாளை இருவருடைய மருத்துவக் குறிப்பேட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் போட நேர்ந்தால் அங்குள்ளவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.