பறப்புக் கட்டுப்படுத்தி வேண்டாம், துணைவலவி போதும்

அனைவருக்கும் வணக்கம்.

ரிமோட் விமானச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் மடலாடலில், விமானத்துக்குள் வைக்கும் ‘ஃப்ளைட் கன்ட்ரோலர்’ என்கிற சிறு மின்னணுப் பலகைக்குப் ‘பறப்புக் கட்டுப்படுத்தி’ என்று போட்டு முடித்துவிடலாம் என ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ரிமோட் விமானத்தைக் கட்டுப்படுத்துகிறவர் கீழே நிற்கும் மனிதர். பலகைக்கு வேறு வேலை. மேசைமேல் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

குரோம்பேட்டையில் என் வீட்டு மேசையில் ஒரு தெர்மாகோல் விமானம் கிடக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய பலகையை அதில் பொருத்திவிட்டு, விசிறியை முதலில் கழற்றி வைத்துவிடுவேன், விரல் பத்திரம். பிறகு தன்னிலை நிமிர்த்தும் முறையில் போட்டு, விமானத்தைக் கையால் வலப்பக்கம் சாய்ப்பேன். வல இறக்கையின் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) கீழே இறங்க வேண்டும், இடது மேலேற வேண்டும். சாய்ந்த இறக்கையைத் தூக்கிவிடப் பலகை எடுக்கும் முயற்சி அது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினாலோ நேர்மாறு: வல எய்லரான் மேலேறும். புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சரியாக இருப்பதைத் தலைகீழாக்கிவிட்டுப் போவார்கள்.

நானும் இன்னொரு விதத் தலைகீழில் ஒரு விமானத்தைத் தொலைத்தேன். பலகையில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அது மூக்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி ஒட்டினால் எத்தனை பாகை திருப்பினோம் என்று மென்பொருளில் குறிக்க வேண்டும். வயர் எட்டவில்லை என்று வாலைப் பார்க்க ஒட்டிவிட்டுக் குறிக்க மறந்தேன். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு வற்றிய ஏரியில் கையால் எறிந்தேன். (மீனம்பாக்கத்துக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு வீட்டு மாடியிலிருந்தா விட முடியும்?) விமானம் லேசாகச் சாய்ந்தது. பலகை நிமிர்த்துவதாக நினைத்து இன்னும் சாய்த்தது. அடுத்த நொடி கருவேல முள்ளுக்குள் குப்புறக் கிடந்தது.

ஆக, நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, காற்று கெடுப்பதைச் சுழற்சி உணரியால் கண்டு, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்திக்கொண்டே இருக்கிற துணையாள் அது. துணையாளுக்கு என்ன பெயர்?

‘வலவன் ஏவா வானவூர்தி’யை யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன், மூன்றாம் மடலிலேயே வந்துவிட்டது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூறு 27ஆம் பாட்டு. ஆளில்லா விமானத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஆனால் அதில் நமக்கு வேண்டியது ஊர்தி அல்ல, வலவன். தேரோட்டுகிறவன். ரிமோட் பிடித்திருப்பவரே வலவர் என்றால், பலகை துணைவலவன். பயணிகள் விமானத்தில் இரண்டாம் இருக்கைக்காரரைத் ‘துணை விமானி’ என்றே பத்திரிகைகள் எழுதுவதால் மோதலும் இல்லை.

பலகைக்கு எதற்கு ‘அன்’ விகுதி என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நியாயம். ‘துணைவலவி’ என்று வைத்துக்கொள்வோம். உணரி, கடத்தி, மின்மாற்றி எல்லாம் இகரத்தில்தான் முடிகின்றன; கருவிக்கு வருகிற அதே ‘இ’ பெண்பாலுக்கும் வரும். ‘நிலைகாப்பி’ என்ற இன்னொரு முன்மொழிவைப் படித்ததும் எனக்கு டபராவும் டம்ளரும்தான் நினைவுக்கு வந்தன. மன்னிக்க வேண்டும்.

கூடவே ‘ஆர்மிங்’, அதாவது மோட்டார் சுழலத் தயாராகும்படி பூட்டைத் திறந்துவிடுவது. ‘ஆயுதமேற்றல்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை ஏரிக்கரையில் உரக்கச் சொன்னால் அடுத்து வருவது காவல்துறை ஜீப். ‘நாணேற்றல்’ என்கிறேன். நாணேற்றிய வில் இன்னும் அம்பை விடவில்லை; ஆனால் அதன்முன் இனி யாரும் நிற்கக்கூடாது. மோட்டாரும் அப்படித்தான். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சி அடியில் இல்லாவிட்டால் துணைவலவி நாணேற்ற மறுக்கும். தரையிறங்கியதும் நாணிறக்கிவிட்டுத்தான் விமானத்தைத் தொட வேண்டும். வாக்கியத்தில் தடுக்காமல் நடக்கிறது, பாருங்கள்.

எய்லரானை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். ‘இறக்கைத் துடுப்பு’ மட்டும் வேண்டாம். விமானத்தைக் காசிமேட்டில் இறக்கிவிட்டது போல் இருக்கிறது.