எக்மோ, வென்டிலேட்டர் குழாய் இடம் மாறினால்: டெல்டாக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஐசியூ நர்ஸ், தஞ்சாவூர்

2016 டிசம்பரில் ஜெயலலிதா, 2020இல் எஸ்.பி.பி. இந்த இரண்டு செய்திகளில்தான் நம் ஊரில் எக்மோ (இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின்) என்ற பெயரே பழகியது. இருவரும் பிழைக்கவில்லை. அதனால் மெஷின் பெயரைச் சொன்னதுமே "அப்ப அவ்வளவுதானா சிஸ்டர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பிழைத்து வீட்டுக்குப் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி. அடைமழையில் சம்பா வயலில் இறங்கி வேலை பார்த்தவர், காலெல்லாம் சேற்றுப்புண். எலிக்காய்ச்சல் நுரையீரல்வரை போய் உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது. வென்டிலேட்டரில் நூறு சதவீத ஆக்சிஜன் வைத்தும் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, ஏறவில்லை. இதயம் நன்றாக இருந்ததால் நுரையீரலுக்கு மட்டுமான எக்மோ போட்டார்கள். தொடைச் சிரை வழியாக மேலே போகும் குழாய் இரத்தத்தை உறிஞ்சும். அது 25 பிரெஞ்ச் அளவு, அதாவது 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆக்சிஜன் ஏறிய இரத்தம் கழுத்துச் சிரைக் குழாய் வழியாகத் திரும்பும். இரண்டின் நுனியும் இதயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடக் கூடாது.

ஒரு நைட் டூட்டியில், முதுகில் புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைத்த பிறகு சாச்சுரேஷன் எண்பதுக்கு இறங்கியது. புதிதாகச் சேர்ந்த டாக்டர் பம்ப் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினால் இன்னும் இறங்கியது. எக்மோ மெஷினைக் கவனிக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் எதுவும் பேசாமல் டார்ச் அடித்து இரண்டு குழாயையும் பார்த்தார். வெளியே வரும் இரத்தம் நாவல்பழம் மாதிரி கருத்து இருக்க வேண்டும். அதுவும் பளிச்சென்று சிவந்திருந்தது. கழுத்துக் குழாய் கொடுக்கும் நல்ல இரத்தம் உடம்புக்குப் போகாமல், தொடைக் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். வேகத்தைக் கூட்டக் கூட்ட அதையே இன்னும் அதிகமாக உறிஞ்சும். மானிட்டர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

அப்புறம் எக்கோ (இதய ஸ்கேன்) வைத்துக் குழாய் நுனி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். தையலை வெட்டி, பம்ப் வேகத்தைக் குறைத்து, ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் குழாயை இறுக்கி மூடும் கிளாம்போடு தயாராக நிற்க, தொடைக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக 3 சென்டிமீட்டர் வெளியே இழுத்தார்கள். இழுக்கத்தான் முடியும், உள்ளே தள்ளக் கூடாது. வெளியே இருந்த பகுதி சுத்தமானதல்ல; உள்ளே வழிகாட்டும் கம்பியும் கிடையாது. அதிகமாக இழுத்துவிட்டால் மறுபடி புதிதாகப் போட வேண்டியதுதான். அதனால்தான் அந்த நிதானம். சில நிமிடங்களில் குழாய் கருத்தது, சாச்சுரேஷன் தொண்ணூறைத் தாண்டியது. மறுபடி தையல், எக்ஸ்ரே. தோலுக்கு வெளியே எவ்வளவு நீளம் என்று அளந்து, ஒவ்வொரு ஷிப்டும் சார்ட்டில் எழுத ஆரம்பித்தோம்.

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன், திருவாரூர்

எங்களிடம் எக்மோ எல்லாம் கிடையாது சிஸ்டர், வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் போடும் குழாயோடுதான் பாடு. திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட் மூடியிருக்க, நான் மூச்சுக் கொடுக்கும் பேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறேன். நோயாளிக்கு வியர்த்து பிளாஸ்டர் கழன்றுவிட்டது. பல்லருகே 22 சென்டிமீட்டர் என்றிருந்த குழாய் 26க்குப் போயிருந்தது. இடது நெஞ்சு எழும்பவே இல்லை. குழாய் மூச்சுக்குழலின் வலது பக்கக் கிளைக்குள் இறங்கிவிட்டது. லாரி ஹாரன் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்து என்ன கேட்பது? நெஞ்சைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். குழாய் நுனியருகே இருக்கும் பலூனின் (கஃப்) காற்றை இறக்கி, 22க்கு இழுத்து, மறுபடி காற்று ஏற்றினேன். இரண்டு பக்கமும் எழும்பியது. அதிலிருந்து பிளாஸ்டரை நம்புவதில்லை, நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். வேகத்தடை வருவதற்கு முன் டிரைவர் அண்ணன் குரல் கொடுப்பார், நான் குழாயைக் கையால் பிடித்துக்கொள்வேன்.

நோயாளியின் மருமகள், கும்பகோணம்

என் மாமனாருக்குப் பெரிய மாரடைப்பு. இதயத்துக்கான எக்மோ போட்டார்கள். அதில் திரும்பும் குழாய் தொடைத் தமனிக்குள் போகுமாம். மறுநாள் பார்க்கப் போன என் நாத்தனார்தான் "அண்ணி, அப்பா கால் ஜில்லுன்னு இருக்கு" என்றாள். நர்ஸிடம் சொன்னோம். அவர்களும் மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், டாக்டர் வந்துகொண்டிருந்தார். பெரிய குழாய் தமனியை அடைத்துக்கொண்டதால் கீழே இரத்தம் போகவில்லை என்று சொல்லி, அதே காலுக்கு ஒரு சின்னக் குழாயைத் தனியாகப் போட்டார்கள். கால் தப்பியது, ஆனால் மாமா தப்பவில்லை, இதயம் திரும்ப வேலை செய்யவே இல்லை. கால் விஷயத்தில் யார் மேலும் எங்களுக்குக் குறை இல்லை. ஒன்று மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. ஏசி அறையில் போர்வை போர்த்திவிடவே விடவில்லை, மாமியார் அழுதுவிட்டார். ஏன் அப்படி?

ஐசியூ நர்ஸ், தஞ்சாவூர்

வேண்டுமென்று செய்ததில்லை அக்கா. போர்வைக்குள் குழாய் மடங்கினாலோ தையல் ஓரம் இரத்தம் கசிந்தாலோ எங்களுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் ஓடுகிற குழாய் அது. மாமாவுக்குக் குளிர்ந்திருக்காது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த மெஷினிலேயே ஹீட்டர் உண்டு, இரத்தத்தை 37 டிகிரியில் வைத்துத்தான் உடம்புக்குள் அனுப்பும்.