டாப்ளர் வரைபடத்தில் சூடான புள்ளி இடம் மாறி விழுகிறது, எங்கே பிழை?

கேள்வி

வணக்கம். வி2051 ஓஃபியூக்கி என்ற கிரகண இரும விண்மீனில், வெண்குறுமீனைச் சுற்றி இருக்கும் திரள் வட்டை (துணை விண்மீனிடமிருந்து வந்த வாயு சுழலும் தட்டு) ஹைட்ரஜனின் ஹெச்-ஆல்ஃபா கோட்டில் டாப்ளர் வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன், அதாவது கோட்டின் அலைநீள மாற்றத்தை வைத்து வாயுவின் திசைவேகப் படம் வரைகிறேன். ஜூன் மாதம் ஒரே இரவில், 5 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்த நிறமாலைகள். சுற்றுக்காலம் 90 நிமிடம். கட்டத்தை (ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு கடந்தது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண், கிரகணம் 0) கணக்கிட, கட்டுரையில் இருந்த கிரகண நேரச் சூத்திரத்தை எடுத்தேன்.

வட்டு அழகான வளையமாக வருகிறது. ஆனால் துணை விண்மீனின் வாயு வட்டின் விளிம்பில் வந்து மோதும் சூடான புள்ளி, மேல் இடப்பக்கம் இருக்க வேண்டியது, சுமார் 45 டிகிரி கீழே இறங்கிக் கிடக்கிறது. படம் எவ்வளவு வழவழப்பாக வர வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் மென்மையாக்கும் எண்ணை மூன்று நாளாக மாற்றிப் பார்த்தும் அசையவில்லை. இன்னொன்று, வளையத்தின் நடுவே பெரிய ஓட்டை. வட்டின் உட்பகுதி காலியாகிவிட்டதா?

பதில் 1

முதலில் ஓட்டை. இந்தப் படம் திசைவேகத்தில் வரைந்தது, தூரத்தில் அல்ல. வட்டு உள்ளும் வெளியுமாகப் புரட்டிப் போட்டதுபோலத் தெரியும். 0.8 சூரிய நிறை வெண்குறுமீனைச் சுற்றி 1.5 லட்சம் கிமீ தொலைவில் வாயு நொடிக்கு சுமார் 840 கிமீ வேகத்தில் ஓடும். 7,000 கிமீ தொலைவில் சுமார் 3,900 கிமீ. ஆகவே நீங்கள் பார்க்கும் ஓட்டையின் ஓரம்தான் வட்டின் வெளி விளிம்பு. அதைவிட மெதுவாக ஓட வட்டில் வாயு இல்லை, அவ்வளவுதான்.

புள்ளிக்கு வருவோம். மென்மையாக்கும் எண் படத்தைச் சுழற்றாது. மையத் திசைவேகம் (இரும விண்மீன் முழுவதும் நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) தவறினாலும் புள்ளி மங்கி வளையமாகுமே தவிர சுழலாது. சுழற்றுவது நேரப் பிழை. வளையம் எவ்வளவு சுழன்றாலும் வளையமாகவே தெரியும், அதனால் புள்ளி மட்டும் காட்டிக்கொடுக்கிறது. நேரத்தைச் சூரிய மண்டல நிறைமையத்துக்கு, அதாவது ஒளி பூமிக்குப் பதில் சூரியன் பக்கத்தில் இருக்கும் அந்த மையத்தை எட்டும் நேரத்துக்கு, திருத்தினீர்களா? இந்த விண்மீன் கிரகணப்பாதைக்கு (வானில் சூரியன் நகரும் பாதை) பக்கத்தில் இருக்கிறது. ஜூனில் அது சூரியனுக்கு நேர் எதிரே வரும்போது, அதன் ஒளி சூரியனை எட்டுவதற்கு 8.3 நிமிடம் முன்பே பூமியை எட்டிவிடும். 90 நிமிடச் சுற்றில் அது 0.092 கட்டம், அதாவது 33 டிகிரி.

கேட்டவர்

திருத்தவே இல்லை! இப்போது திருத்திப் பார்த்தேன். புள்ளி 33 டிகிரி மேலே ஏறியது, ஆனால் இன்னும் 10, 15 டிகிரி பாக்கி.

பதில் 2

கோப்பின் தலைப்பில் இருக்கும் நேரம் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரமா, நடு நேரமா? தொடக்கம் என்றால் இரண்டரை நிமிடம் சேருங்கள். அதற்கு மட்டும் 10 டிகிரி வரும். அப்புறம் உங்கள் சூத்திரம் டிடிபி நேரத்தில் (வானியல் கணக்குகளுக்கான, லீப் நொடி இல்லாத நேரம்) இருந்து, உங்கள் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் இன்னும் 69 நொடி, சுமார் நாலரை டிகிரி. மூன்று பிழையும் ஒரே பக்கம்தான் தள்ளும்.

அடுத்த முறை படம் போடுவதற்கு முன்பே தொடர் நிறமாலையின் (கோடுகள் இல்லாத பகுதி) பிரகாசத்தைக் கட்டத்தோடு சேர்த்து வரைந்து பாருங்கள். கிரகணம் 0-இல் விழாமல் 0.9 பக்கம் விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேட்டவர்

தொடக்க நேரம்தான், யுடிசி. இரண்டையும் சேர்த்ததும் கிரகணம் 0-இல் வந்து உட்கார்ந்தது. புள்ளி இப்போது, எதிர்பார்த்தபடியே, துணை விண்மீனிலிருந்து விழும் வாயு ஓட்டத்தின் கோட்டுக்கும் வட்டின் கெப்ளர் திசைவேகக் கோட்டுக்கும் (வட்டில் சுற்றும் வாயுவின் வேகம்) நடுவே இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.