கிங்க்ஸ் குழுவின் சிறந்த ஆல்பம் எது? கேட்டவர்களின் அனுபவங்கள்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான தி கிங்க்ஸின் சிறந்த ஆல்பம் எது என்ற வழக்கு இங்கே அவ்வப்போது எழுவதும் தீர்ப்பில்லாமல் அடங்குவதுமாக இருக்கிறது. இம்முறை ஒவ்வொருவரும் தம் ஆல்பத்தை முதன்முதலில் எப்படிக் கேட்டோம் என்பதையும் சேர்த்து எழுதினால் வாதம் சற்றுச் சுவையாக இருக்கும் என்று கருதி, நானே தொடங்கி வைக்கிறேன். போட்டி பெரும்பாலும் நான்கு ஆல்பங்களுக்குள்தான்: 1966-இல் வந்த 'ஃபேஸ் டு ஃபேஸ்', 1967-இல் வந்த 'சம்திங் எல்ஸ்', 1968-இல் வந்த 'வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி', 1969-இல் வந்த 'ஆர்தர்'. எழுபதுகளில் வந்தவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன். 'மஸ்வெல் ஹில்பில்லீஸ்' அன்பர்கள் தனியாகச் சண்டைக்கு வரலாம். என் வாக்கு 'வில்லேஜ் கிரீனு'க்கே.

இந்தக் குழு எனக்கு அறிமுகமானது, பெரும்பாலோருக்கு நேர்ந்ததைப் போல, 'யூ ரியலி காட் மீ' பாடல் மூலமாகத்தான். குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் தம்முடைய சிறிய ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கிழித்து அந்தக் கரகரப்பை உண்டாக்கினார் என்ற கதையைப் படித்திருந்ததால், அதே முரட்டுத்தனத்தை எதிர்பார்த்து, வடக்கு லண்டனில் பழைய ரெக்கார்டுகள் விற்கும் ஒரு கடையில் 'வில்லேஜ் கிரீன்' மறுபதிப்பை எடுத்தேன். கடைக்காரர் தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்துவிட்டு, "முதல் தடவை கேட்டுவிட்டுத் திருப்பித் தர வந்தால் வாங்க மாட்டேன்; மூன்று தடவை கேட்டுவிட்டு வந்தால் பேசலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் தடவை கேட்டபோது, டொனால்ட் டக்கையும் ஸ்ட்ராபெரி ஜாமையும் பீங்கான் கோப்பைகளையும் காப்பாற்றப் போவதாகச் சங்கம் அமைத்துப் பாடும் ஓர் ஆங்கிலக் கிழவரின் புலம்பலாகவே எனக்குப் பட்டது. அதைப் பாடியபோது, டேவின் அண்ணனும் குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ரே டேவிஸுக்கு இருபத்து நான்கு வயதுதான் என்பது பிறகே தெரிந்தது.

மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது 'டூ யூ ரிமெம்பர் வால்டர்' என்ற பாடல். பள்ளி நாள்களின் நண்பன் வால்டரைப் பாடகர் நினைத்துப் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து உலகத்தோடு போரிட்டு விடுதலை பெறப் போவதாகத் திட்டமிட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருபவர், திடீரென்று, இப்போது நீ பருத்துப்போய், திருமணம் செய்துகொண்டு, இரவு எட்டரை மணிக்கே படுத்துவிடுவாய், நான் பழைய கதையைப் பேசினால் உனக்குச் சலிப்புத்தான் வரும் என்று முடிக்கிறார். பழமையைப் போற்றும் ஆல்பம் என்று எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழமையைப் போற்றுகிறவன் தன்னையே நம்பாமல் தவிப்பதுதான் இதன் பொருள். இன்னொரு பாடலில், நீராவி ரயில்களில் மிஞ்சிய கடைசி ரயில் தன் கதையைத் தானே பாடுகிறது. ஆனால் அது ஓடுவது தண்டவாளத்தில் அல்ல, நிற்பது அருங்காட்சியகத்தில். 'வில்லேஜ் கிரீன்' பாடலில் ஊரை விட்டுப் போனவன் ஏங்குகிற அந்தப் புல்வெளியை அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் வந்து படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் காதலித்த டெய்ஸியோ மளிகைக்கடைப் பையன் டாமை மணந்துகொண்டாள், இப்போது கடையே அவர்களுடையது. குடும்பப் புகைப்படங்களை ஆசையாகப் புரட்டும் 'பிக்சர் புக்' பாடல் தட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது என்றால், இனி எனக்குப் படங்களையே காட்டாதீர்கள் என்று கெஞ்சும் பாடலோடு இரண்டாம் பக்கம் முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆல்பம் முழுவதையும் நிறுத்தத் தெரிந்தவர்கள் அந்தப் பத்தாண்டில் வேறு எவரும் இல்லை என்பது என் துணிபு.

இந்த ஆல்பம் பிரிட்டனில் 1968 நவம்பர் 22 அன்று, பீட்டில்ஸின் வெள்ளை உறை இரட்டை ஆல்பம் வந்த அதே நாளில் வெளியாகி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் இடமே பெறாமல் போயிற்று. 1965 முதல் அமெரிக்காவில் கச்சேரி செய்ய இசைக்கலைஞர் சங்கம் அனுமதி மறுத்திருந்ததால், அங்கே போய்ப் பாடி விற்கவும் வழியில்லை. பேஸ் கிட்டார் வாசித்த பீட் குவைஃப் அடுத்த ஆண்டு விலகியதால், முதல் நால்வரும் சேர்ந்து முடித்த கடைசி ஆல்பமும் இதுவே.

* * *

முதலில் எழுதிய நண்பருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து மெல்பேர்னில் குடியிருப்பவன். என் வாக்கு 'ஆர்தரு'க்கு. அதற்கு இசை மட்டும் காரணமல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரே டேவிஸின் அக்கா ரோஸி, தம் கணவர் ஆர்தரோடு 1964-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். தம்பிமாருக்கு அது பெரிய இழப்பாக இருந்திருக்கிறது. 'ஃபேஸ் டு ஃபேஸ்' ஆல்பத்தில் 'ரோஸி, தயவுசெய்து வீட்டுக்குத் திரும்பி வா' என்று ஒரு பாடலே இருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், அந்த அத்தானையே நாயகனாக வைத்து ஓர் ஆல்பம் முழுவதும் எழுதினார் ரே. கிரனடா தொலைக்காட்சிக்காக ஜூலியன் மிட்செல் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து உருவாக்கிய நாடகத்துக்கு உரிய பாடல்கள் இவை. நாடகம் கைவிடப்பட்டது, பாடல்கள் மட்டும் எஞ்சின. கதை தெரியாமல் கேட்டாலும் ஆல்பம் குறைவுபடவில்லை என்பதே அதன் பலம்.

நான் இதைக் கேட்கத் தொடங்கியது, வந்து சேர்ந்த புதிதில், இரவுப் பணி முடிந்து ரயிலில் வீடு திரும்பும் வேளைகளில். 'ஆஸ்திரேலியா' என்ற பாடல் குடியேற்ற விளம்பரத்தின் குரலிலேயே இந்த நாட்டை வருணிக்கிறது: வெயில், வாய்ப்பு, வகுப்புப் பேதமில்லாத வாழ்வு. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் பத்துப் பவுண்டு கட்டினால் இங்கே கப்பலேறிவிடலாம். எங்கள் ஆட்கள் வந்த வழியும் காரணமும் வேறு. கொடுத்த விலையும் வேறு. ஆயினும், ஒருவர் புறப்பட்டுப் போன பின் வீட்டில் இருப்பவர்கள் அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை எனக்குத் தெரியும் என்பதால், பாட்டின் மலிவான உற்சாகம் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குத்தியது. போரில் இறந்த மகனின் படத்தைச் சட்டமிட்டு வைத்திருக்கும் தாயைப் பற்றிய 'சம் மதர்ஸ் சன்' பாடலை நான் ரயிலில் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். அதைக் கேட்பதானால் வீட்டில்தான்.

இசையாகப் பார்த்தால், 'ஷாங்ரி-லா' ஒன்றே போதும். அடமானத்தில் வாங்கிய வீட்டில், கணப்பருகே செருப்பை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு நடுத்தர மனிதருக்குத் தாலாட்டுப்போல் தனிக் கிட்டாரோடு தொடங்குகிறது; பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து பாடல் பெருமிதமாக எழுகிறது; பிறகு தாளம் மாறி, தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஏறக்குறைய கத்துகிறது. அந்த மனிதர்மீது கேலியா, இரக்கமா, கோபமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 'வில்லேஜ் கிரீனில்' வருபவர்கள் எல்லாம் அழகிய பொம்மைகள். ஆர்தர் ஒரு மனிதர்.

* * *

நீங்கள் இருவரும் தத்துவம் பேசுகிறீர்கள். நான் பாட்டுக் கேட்கிறவள், ஆகவே 'சம்திங் எல்ஸ்'.

2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஒரு டாக்ஸியிலிருந்து இறங்கி வந்த முதியவர் 'வாட்டர்லூ சன்செட்' பாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவர்தான் ரே டேவிஸ் என்பதே எனக்குத் தெரியாது. மறுநாளே பாடலைத் தேடிக் கேட்டேன். படிப்படியாக இறங்கி வரும் பேஸ் கிட்டார், அதன்மேல் எதிரொலியோடு விட்டுவிட்டு வரும் டேவின் கிட்டார், பின்னணியில் அப்போது ரேயின் மனைவியாக இருந்த ராஸாவின் உயர்ந்த குரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துக் கேட்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. டெரியும் ஜூலியும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் சந்திக்கிறார்கள்; அதைச் சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு நண்பர்களே தேவையில்லையாம். ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாடலாக இப்படி ஒன்று அமைந்த பிறகு மற்றவற்றுக்கு என்ன வேலை?

அது மட்டுமே இருந்தாலும் என் வாக்கு மாறாது. ஆனால் அது மட்டுமல்ல. 'டூ சிஸ்டர்ஸ்' பாடலில் நிக்கி ஹாப்கின்ஸ் வாசிக்கும் ஹார்ப்ஸிகார்ட் (பியானோ போன்ற பழைய வாத்தியம்) இசையின்மேல், வீட்டு வேலையில் மூழ்கிய அக்காள், ஊர் சுற்றும் தங்கையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். ரே தம்மையும் தம்பி டேவையும் எண்ணியே அதை எழுதினார் என்பதை அறிந்தபின் கேட்டால் அந்தப் பாடல் வேறாகிவிடுகிறது. தம்பியும் சும்மா இருக்கவில்லை; அவர் பாடிய 'டெத் ஆஃப் எ க்ளவுன்' தனித்தட்டாக வந்து பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அண்ணனுடைய ஆல்பத்துக்குள் தம்பி இவ்வளவு இடம் பிடித்துக்கொண்டது இதில்தான். 'வில்லேஜ் கிரீனில்' டேவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாடல், 'விக்கட் அனபெல்லா'. அதுதான் அந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்ததும்கூட.

* * *

'ஃபேஸ் டு ஃபேஸு'க்காக ஒருவராவது பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் அண்ணனுடைய கேசட்டில் இதைக் கேட்டபோது, தொலைபேசி மணி அடித்ததும் உண்மையான மணி என்று எண்ணி எழுந்து போனவன் நான். பாடல்களை ஒலிகளால் கோத்து ஒரே தொடராக்க ரே விரும்பியிருக்கிறார்; அது முழுதாக நிறைவேறாமல், தொடக்கத்து மணியும், இடியும், கடல் அலையும் மட்டும் ஆங்காங்கே தங்கிவிட்டன. 1966 ஜூலையில் பீட்டில்ஸின் 'பேப்பர்பேக் ரைட்டரை' முதலிடத்திலிருந்து இறக்கிய 'சன்னி ஆஃப்டர்நூன்' இதில்தான் இருக்கிறது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் குழு பம்பாயில் தங்கியபோது, அதிகாலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு வேலைக்குப் போனதைக் கேட்ட நினைவில் ரே 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' எழுதினார். பீட்டில்ஸ் சிதாரைக் கையில் எடுத்துத் தட்டு வெளியிடுவதற்கு முன்பே, அதே ஆண்டு ஜூலையில் அது வந்துவிட்டது. அந்தப் பாடலில் ஒலிக்கும் இந்தியச் சுருதி போன்ற ரீங்காரம் இந்த ஆல்பத்தின் 'ஃபேன்ஸி' பாடலிலும் தொடர்கிறது. மற்ற மூன்று ஆல்பங்களிலும் அது இல்லை.

* * *

தொடங்கி வைத்தவன் என்ற முறையில் மீண்டும் எழுதுகிறேன்.

மெல்பேர்ன் நண்பர் சொன்ன 'ஷாங்ரி-லா'வுக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த ஒரு பாடலுக்கு ஈடாக என் ஆல்பத்தில் எதையும் நிறுத்த மாட்டேன். ஆனால் 'ஆஸ்திரேலியா' பாடல், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் வாத்தியங்களோடு நீண்டு நீண்டு ஏறக்குறைய ஏழு நிமிடம் போவதை அவர் தம் சொந்தக் காரணத்தால் மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பொம்மைகள் என்ற குற்றச்சாட்டை ஏற்க மாட்டேன். வால்டர் எட்டரை மணிக்குத் தூங்கப் போகும் மனிதர். எந்தப் பொம்மைக்கும் அப்படியொரு வழக்கம் கிடையாது.

சகோதரி 'வாட்டர்லூ சன்செட்'டைக் காட்டி வாயடைத்துவிட்டார். ஒரே பாடலுக்குத்தான் பரிசு என்றால் இந்த வழக்கு அங்கேயே முடிந்தது. ஆல்பமாகக் கேட்டாலோ, 'சம்திங் எல்ஸ்' அடுக்கி வைத்த நல்ல பாடல்களின் தொகுப்பு. ஒரு பாடலை எடுத்துவிட்டால் பக்கத்துப் பாடலுக்கு ஒன்றும் ஆகாது. 'வில்லேஜ் கிரீனில்' 'பிக்சர் புக்'கை எடுத்துவிட்டுப் பாருங்கள், கடைசிப் பாடல் வெறும் வேடிக்கைப் பாட்டாக நின்றுவிடும்.

இதுவரை யாரும் தொடாத ஒன்றும் இருக்கிறது. ஆல்பம் முதலில் பன்னிரண்டு பாடல்களோடு தயாராகி, சுவீடன், பிரான்ஸ் போன்ற நாடுகளில் அவ்வடிவிலேயே விற்பனைக்கும் போய்விட்டது. ரே பிரிட்டனில் வெளியீட்டை நிறுத்தி, 'டேஸ்', 'மிஸ்டர் சாங்பேர்ட்' இரண்டையும் நீக்கி, ஐந்து பாடல்களைச் சேர்த்துப் பதினைந்தாக்கினார். நீராவி ரயில் பாட்டும் 'பிக் ஸ்கை'யும் அப்படிக் கடைசி நேரத்தில் வந்தவை. 'டேஸ்' இல்லாமல் போனது அநியாயம் என்று வாதிடுபவர்கள் இங்கே பலர் உண்டு என்பது தெரியும். அது நன்றி சொல்லி விடைபெறும் பாடல். பழைய நாள்களோடு முழு மனதாகச் சமாதானம் ஆகிவிட்ட ஒருவருடைய குரல் அதில் இருக்கிறது. அவரை இந்த ஆல்பத்துக்குள் கொண்டுவந்து விட்டால், வால்டரிடமும் அருங்காட்சியக ரயிலிடமும் அவருக்குப் பேச எதுவும் இருக்காது. தனித்தட்டாக அது பன்னிரண்டாம் இடம் வரை போனது, அங்கேயே இருக்கட்டும். மறுக்க விரும்புவோர் பன்னிரண்டு பாடல் வடிவத்தை ஒரு முறை வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள்.