அம்மம்மாவின் கசற்றைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஆளில்லாத தீவுக்கு எந்த எட்டுப் பாட்டுகளைக் கொண்டுபோவீர்கள் என்று கேட்கும் நிகழ்ச்சி 1942 முதல் பிபிசி வானொலியில் வருகிறது. எனக்கு அந்தக் கேள்வி இப்போது நிசமாகவே வந்துவிட்டது. வேலைக்காகக் குச்சவெளிப் பக்கம் சில மாதம் தனியே இருக்கப் போகிறேன்.

மற்றப் பாட்டெல்லாம் போனிலேயே இருக்கு. முக்கியமானது அம்மம்மா பாடிய ‘நிரைகழல் அரவம்’, சம்பந்தர் நம்முடைய கோணேசர் மேல் பாடிய பதிகம். ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று முடிக்குமுன் அவ மூச்செடுப்பதுகூடக் கசற்றில் கேட்கும். இப்போது நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கு.

திருகோணமலையில் இதைத் துப்புரவாக்கிப் பென் டிரைவில் ஏற்றித் தரக்கூடியவர்கள் யாராவது இருக்கிறார்களா? மட்டக்களப்பு என்றாலும் சரி, போவேன். அப்புறம், தனிமையில் நீங்கள் கேட்கும் பாட்டு ஒன்றையும் சொல்லுங்கள்.