பித்தளைக் குடம் எடுத்துப் போனவளுக்கு மறுநாள் என்ன ஆனது?

தொண்டிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில், நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் சில அத்தியாயங்களை வாசித்துக் காட்டினேன். கதை 1931-ல் நடக்கிறது. கேட்டவர்கள் சொன்னதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் சரித்திரக் கதை என்றாலே நமக்கு ராஜா, கோட்டை, குதிரைதான் ஞாபகம் வருகிறது, நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பக்கத்துத் தெருவில் நடந்த அநியாயமும் சரித்திரம்தான் என்பது லேசில் மனசில் ஏறுவதில்லை.

பின்னணி இதுதான். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கை, தாவணி போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறினால் குடிசைக்குத் தீ, தானியம் நாசம், ஆடு மாடு கொள்ளை. அது போதாதென்று 1931 ஜூனில் இன்னும் 11 தடைகள். தண்ணீர் எடுக்க மண்குடம்தான், செம்போ பித்தளையோ கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதையெல்லாம் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு மனுஷனின் செருப்பு வரைக்கும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே!

என் கதையில் ஒரு பெண் பித்தளைக் குடத்தோடு ஊருணிக்குப் போகிறாள். கடலோரத்தில் பல கிணறுகளில் உப்புத்தண்ணீர்தான், அதனால் ஊருணியோ மணலில் தோண்டிய ஊற்றோ இல்லாமல் பிழைக்க முடியாது. குழிக்குள் இறங்கி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைக்க அரை நாள் கூட ஆகும். இந்த இடத்தை வாசித்து முடித்ததும் எண்பது தாண்டிய ஒரு அப்பத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குடத்தைப் புளி போட்டு வெளக்குனாளா?"

புரியாமல் பார்த்தேன்.

"பித்தளைன்னா வெளக்கணும்ல தம்பி. முத நா சாயந்தரமே வாசல்ல உக்காந்து பளபளன்னு வெளக்கியிருப்பா. போறவன் வாறவன் பூராம் பாத்திருப்பான்ல. தண்ணிக்குப் போறதுக்கு முந்தியே அவ துணிஞ்சுட்டா."

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே அந்த வாசல் காட்சியைத்தான் எழுதினேன்.

பிறகு விவசாயம் பார்த்த ஒரு பெரியவர் கேட்டார்: "சரி, தண்ணி எடுத்துட்டா. மறுநா அவ புருசனுக்கு யாரு வேலை குடுத்தா?" பேச்சு அப்படியே கண்மாய்ப் பக்கம் திரும்பியது. ஜூன் மாதத் தடைகளில் ஒன்று, ஆதிதிராவிடர் தங்கள் சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பயிருக்குத் தண்ணீர் கிடையாது. ஆனால் நம் பக்கம் பல ஊர்களில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டிய நீர்ப்பாய்ச்சியும் ஒடுக்கப்பட்ட சனத்தில் ஒருவர்தானே. 'உன் அண்ணன் வயலுக்கு விடாதே' என்று அவரிடமே சொன்னால் அவர் என்ன செய்வார்? நாவலின் கனமான இடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். குடம் எடுத்தவளை ஊர் பார்த்தது, பேசியது, கதையாவது மிஞ்சும். ராத்திரி மண்வெட்டியோடு கண்மாய்க் கரையில் தனியாக நிற்கிற ஆளுக்குச் சாட்சி கூட இல்லை.

எல்லாரும் எதிர்த்து நின்றார்கள் என்று எழுதவும் மாட்டேன். இலங்கைக்குப் போகும் கூலியாட்களைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாக அங்குள்ள தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. பிள்ளை குட்டிகளோடு ஊரை விட்டுக் கிளம்பவும் நெஞ்சுரம் வேண்டும்.

கடைசியாக ஒரு இளைஞர், ஆதிக்க சாதிக் குடும்பம், எல்லாரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணே, அந்தத் தடைய போட்ட கூட்டத்துல எங்க பூட்டனும் இருந்திருப்பாரு. அவர மாதிரி ஒருத்தர் எந்திரிச்சு 'இது தப்பு'ன்னு சொல்ற மாதிரி ஒரு இடம் வைங்களேன்."

அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனாலும் முடியாது என்றேன். அப்படி ஒரு நல்லவரை உள்ளே விட்டால் படிக்கிறவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள், குடத்தை விளக்கியவள் ஓரத்துக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அப்ப அவர் பேசாம இருந்ததையாச்சும் முழுசா எழுதுங்கண்ணே" என்றார்.

அந்தக் கூட்டத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் திண்ணையில் உட்கார்ந்தார், யார் முதலில் தலையாட்டினார், வெற்றிலைத் தட்டு யாரிடம் போனபோது பேச்சு நின்றது என்று ஒவ்வொன்றாக. பேசாமல் இருந்தவர் கெட்டவர் இல்லை, தன் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்து அனுப்புகிறவர்தான். நாலணா கூலி என்று முடிவானால் அறுவடைக்கு அவருக்கும் லாபம், அதனால் வாயைத் திறக்கவில்லை.